கைப்பழக்கத்துக்கு ஒரு மரியாதை

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றில் தென்சென்னைக்கு ஓர் இடம் உண்டு. அடையாற்றுப் பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் மாதந்தோறும் கூடி, கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தரமணி டைடல் பூங்காவில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. அதே காலத்தில் நந்தனத்தில் இருக்கும் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது; பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளுக்கும் அதையே பரிந்துரைத்தது. கே.டி.இ. போன்ற லினக்ஸ் மேசைத் திரைகளின் மெனுக்களைத் தமிழாக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் இரண்டாயிரமாம் ஆண்டுவாக்கிலேயே தொடங்கிவிட்டார்கள். அறிவுக்கும் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை, ஓரளவுக்கு அரசின் ஆதரவும் இருந்தது. இருந்தும் இன்று மயிலாப்பூர் மாட வீதியில் ஓர் ஆன்லைன் சென்டருக்குள்ளோ தி.நகரில் ஒரு டிடிபி கடைக்குள்ளோ நுழைந்தால் உங்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் விண்டோஸ்தான். ஏன் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை விவாதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் உண்டு. கணினி வாங்கும்போதே விண்டோஸ் ஏற்றப்பட்டு வருகிறது. திருட்டு நகல் சுலபமாகக் கிடைக்கிறது. கடைக்காரருக்கு டேலி கணக்கு மென்பொருள் வேண்டும். ஆடிட்டருக்கு டிஜிட்டல் கையொப்பக் கருவி வேலை செய்ய வேண்டும். இவை எல்லாமே உண்மை. ஆனால் இவை மட்டுமே காரணம் என்றால், இவை விலகிய இடத்தில் நிலைமை மாறியிருக்க வேண்டும். அப்படி விலகிய ஓர் இடம் தமிழ்நாட்டில் இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்கள் கைக்குப் போன கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே ஏற்றப்பட்டிருந்தது. முதல் ஆண்டுக்கு மட்டும் திட்டமிட்ட எண்ணிக்கை ஒன்பது லட்சத்துக்கும் மேல். பணம் கொடுக்க வேண்டியதில்லை, தேடி நிறுவ வேண்டியதில்லை. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். வாங்கியவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள். டேலியும் டிஜிட்டல் கையொப்பமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கட்டற்ற திரைகளுக்கு இப்படியொரு வாசல் அரிதாகவே திறக்கும். ஆனாலும் அந்த வாசல் வழியே வந்த லட்சக்கணக்கானவர்களிடம் பாஸ் ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை. விலை, கிடைக்கும் வாய்ப்பு என்ற இரண்டு தடைகளும் நீங்கிய பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சி நின்றது. அது திரையிலேயே இருந்தது என்பதுதான் என் கட்சி.

கணினியைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவருக்குக் கணினி பற்றிய அறிவு பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. எந்த மூலையில் அழுத்தினால் எது திறக்கும், ஃபைலைச் சேமித்தால் எங்கே போய் உட்காரும், பென் டிரைவைச் செருகினால் என்ன வரும், தமிழுக்கு மாற எந்த விசை என்பதெல்லாம் சொல்லிக் கேட்டால் வராது. உட்கார்ந்தால் கை தானாகச் செய்யும். பல ஆண்டுகள் பிறரிடம் கேட்டும் தவறு செய்தும் சேர்த்த சொத்து அது. புதிய திரைக்கு மாறச் சொல்லும்போது அந்தச் சொத்தைக் கைவிடச் சொல்கிறோம். கட்டற்ற திரைகளை வடிவமைத்தவர்கள் இந்தச் சொத்தின் மதிப்பைக் குறைத்தே எடைபோட்டார்கள்; பல நேரங்களில் அதை அறியாமை என்றே எண்ணிவிட்டார்கள். பொதுமக்களை ஈர்க்கும் திரை வேண்டுமென்றால், மக்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பழக்கத்துக்கு மரியாதை கொடுப்பதும், அவர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டதைப் பிறகு கலைக்காமல் காப்பதும்தான் முதல் வேலை. அழகு, வேகம், பாதுகாப்பு எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவோம். அதனால் ஒரே ஒரு காரியத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்: தமிழில் தட்டச்சு செய்வது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு அதே ஆண்டு தர அமைப்பாக ஏற்றது. மிக நல்ல அமைப்பு. அதில் ‘அம்மா’ என்று எழுத நான்கு விசைகள் போதும்: அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வரும். ஆ விழுந்ததும் அது காலாக மாறி ஒட்டிக்கொள்ளும். இதில் கை பழகிய ஒருவர் க்னோம் திரை உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைப்புகளைத் திறந்து, விசைப்பலகைப் பகுதிக்குப் போய், கூட்டல் குறியை அழுத்தி, மூன்று புள்ளிகளை அழுத்தி, தமிழ் என்று தேடினால் ஒரு பட்டியல் வருகிறது. தமிழ் இன்ஸ்கிரிப்ட். தமிழ்நெட் 99. தமிழ் எண்களுடன் தமிழ்நெட் 99. டேப் குறியாக்கத்தில் தமிழ்நெட் 99. டிஸ்கி குறியாக்கத்தில் தமிழ்நெட் 99. இலங்கைக்கு என்று தனியாகச் சில. எம்17என் என்ற பொதியும் நிறுவப்பட்டிருந்தால் அதன் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி முறை என்று இன்னும் ஒரு வரிசை. நம் பயனர் ‘99’ என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாக முதலில் வந்த தமிழ்நெட் 99-ஐத் தேர்ந்தெடுக்கிறார். அது அவர் பழகிய தமிழ்99 போல நடந்துகொள்ளாது. அந்த வரி எக்ஸ்.கே.பி. என்ற அடித்தளப் பகுதியிலிருந்து வருகிறது. ஒரு விசைக்கு ஒரு குறி என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. முன்னால் எந்த எழுத்து வந்தது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு ம-க்கள் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியில்லாமல் நிற்கும். அவர் தேடியது எம்17என் வரிசையில் இருக்கிறது; சில லினக்ஸ் வினியோகங்களில் அதற்குத் தனிப் பொதியே நிறுவ வேண்டும். தன் தாய்மொழியில் ‘அம்மா’ என்று எழுத முடியாமல் போனவர், அடித்தளப் பகுதிக்கும் உள்ளீட்டுப் பொதிக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். “லினக்ஸ்ல தமிழ் சரியா வராதுங்க” என்று சொல்லி எழுந்துவிடுவார். அவர் அனுபவத்தில் அது உண்மையும்கூட.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் உழைத்த ஒருவர் இருக்கிறார். யூனிகோடு பரவாத காலத்தில் டேப், டிஸ்கி குறியாக்கங்களில் தமிழை ஓடவைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தட்டச்சுப்பொறி முறையைச் சேர்த்தவர் அரசு அலுவலகத் தட்டச்சர்களை மனத்தில் வைத்துத்தான் சேர்த்திருப்பார். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகச் செய்தார்கள். முழுப் பட்டியலையும் ஒரு சாதாரண மனிதரின் கண்ணால் பார்த்து, இதில் இன்று நான்கு போதும், தமிழ்நாட்டில் தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்கு இது முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்க மட்டும் யாருமில்லை. கட்டற்ற திரைகளின் பெரும்பாலான குறைகளுக்கு வேர் இதுதான். சேர்ப்பதற்கு ஆயிரம் கைகள் வரும். ஒதுக்கி வைப்பதற்குப் பொறுப்பேற்க ஆள் வராது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். தேர்வு செய்யும் வசதிதானே சுதந்திரம், வரிகளைக் குறைப்பது கட்டற்ற மென்பொருளின் ஆன்மாவுக்கே எதிரானது ஆகாதா என்று கேட்பார்கள். க்னோம் உலகத்துக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பயனர்களைக் கணினி முன் உட்கார வைத்து அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தது. அந்தச் சோதனைக்குப் பின் வடிவமைப்புக்கான நெறிகள் எழுதப்பட்டன. 2002இல் வந்த க்னோம் 2 பல விருப்பத் தேர்வுகளைத் துணிந்து நீக்கியது. அதன் முன்னணி நிரலாளர்களில் ஒருவரான ஹாவக் பென்னிங்டன், ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, அது பிழைகளாகவும் குழப்பமாகவும் பயனரிடமே வசூலிக்கப்படுகிறது என்று அப்போது விரிவாக எழுதினார். அவர் சொன்னது சரி என்றே நான் கருதுகிறேன். கட்டற்ற மென்பொருள் தரும் சுதந்திரம் மூலநிரலில் இருக்கிறது: படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அமைப்புகள் பக்கத்தில் நூறு பெட்டிகளை வைப்பதால் அந்தச் சுதந்திரம் கூடுவதுமில்லை, பத்தாகக் குறைப்பதால் குறைவதுமில்லை. டிஸ்கி குறியாக்கம் வேண்டுபவர் ஓர் ஆய்வாளர் என்றால் அவருக்கு ‘மேலும்’ என்ற இன்னொரு கதவைத் திறந்து வைக்கலாம். முதல் கதவில் நிற்பவர் மனு எழுத வந்த மனிதர்.

இரண்டாவது எதிர்ப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். பழக்கம்தான் பெரிது என்றால் விண்டோஸ் போலவே ஒரு திரையைச் செய்துவிட்டால் போயிற்று. இவ்வளவு பேச்சு எதற்கு? இதையும் உலகம் முயன்று பார்த்திருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லிண்டோஸ் என்ற பெயரிலேயே ஒரு லினக்ஸ் வந்தது. மைக்ரோசாஃப்டுடன் வழக்காகி, 2004இல் லின்ஸ்பயர் என்று பெயர் மாறிப் பின்னர் ஓய்ந்தது. நம் நாட்டில் 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியபோதும், அதன் தோற்றம் விண்டோஸை ஒத்திருப்பதால் ஊழியர்களுக்குச் சிரமம் இருக்காது என்றே செய்திகள் வந்தன. அலுவலக ஆணையால் இயங்கும் இடத்தில் அது உதவலாம். ஆனால் தோற்றத்தை மட்டும் நகலெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பொத்தான் இருந்த இடத்திலேயே பொத்தான் இருக்கும்போது, அதை அழுத்தினால் வழக்கமாக நடப்பதும் நடக்கும் என்று கை நம்பிவிடுகிறது. முதல் படியில் பழகிய உணர்வைத் தந்துவிட்டு இரண்டாம் படியில் ஏமாற்றும் திரை, முற்றிலும் புதிய திரையைவிட அதிக எரிச்சலைத் தரும்.

அந்த இரண்டாம் படி நம் ஊரில் எங்கே வரும் என்று சொல்கிறேன். அரசு அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் மலை மலையாகக் கிடக்கின்றன. வானவில் அவ்வையார் போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளிந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஒரு குப்பை விரியும். விண்டோஸிலும் எழுத்துரு இல்லாவிட்டால் இதேதான் நடக்கும். ஆனால் அந்தக் கடையில் உள்ள விண்டோஸில் எழுத்துரு என்றைக்கோ நிறுவப்பட்டுவிட்டது, ஆகவே பழி புதிதாக வந்த லினக்ஸ் மேல் விழுகிறது. யூனிகோடிலேயே எழுதிய ஒரு பக்கக் கடிதமும் லினக்ஸுடன் வரும் லிப்ரே ஆஃபிஸில் திறக்கும்போது, எழுத்துரு மாறியதால் வரிகள் நகர்ந்து, கையொப்பம் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். வாடிக்கையாளர் கவுன்டரில் நின்றுகொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் கடைக்காரர் இன்னொரு வாய்ப்புத் தரமாட்டார். ஸ்டார்ட் மெனு எந்த மூலையில் இருக்கிறது என்பது இந்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை. இப்படியொரு கோப்பு திறக்கப்பட்டதும், “இது பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் போலிருக்கிறது, யூனிகோடுக்கு மாற்றித் தரட்டுமா?” என்று கேட்கும் ஒரு திரையைக் கற்பனை செய்யுங்கள். மாற்றிகள் ஏற்கெனவே இருக்கின்றன; இணையத்தில் தேடி, நகலெடுத்து, ஒட்டி, மாற்றி மக்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் கோப்புகளைத் திறந்த வடிவத்துக்குக் கூட்டமாக மாற்றும் ஒரு கருவியை பாஸ் குழுவினர் ஒருகாலத்தில் சேர்த்துத் தந்தார்கள். அந்த எண்ணம் மிகச் சரியானது. அதைத் தனிக் கருவியாக மெனுவுக்குள் வைக்காமல், கோப்பு திறக்கும் இடத்துக்கே கொண்டுவந்தால் அது உள்ளூர் மனிதருக்காக வடிவமைத்த திரை ஆகும். விண்டோஸே தராத ஒரு வசதியை அது தரும். மாறுவதற்கு அப்படி ஒரு காரணம் வேண்டும்.

பழக்கத்தை மதிப்பதன் மறுபாதி, கற்றுக்கொடுத்ததைக் கலைக்காமல் இருப்பது. இதில் கட்டற்ற உலகின் வரலாறு வருத்தம் தருகிறது. மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபரில் கே.டி.இ. திட்டத்தை அறிவித்தபோதே, ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு தோற்றத்தில் இருக்கிறது, சாதாரணப் பயனருக்கு ஒத்திசைவான திரை வேண்டும் என்றுதான் சொன்னார். பொதுமக்கள் என்ற இலக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2008 ஜனவரியில் கே.டி.இ. 4.0 வந்தபோது, பழைய பதிப்பில் இருந்த பல வசதிகள் இன்னும் வந்து சேரவில்லை; ஆர்வலர்களுக்கான தொடக்கப் பதிப்பு என்று உருவாக்கியவர்கள் சொன்னாலும், அது பல வினியோகங்கள் வழியே சாதாரணப் பயனர்களிடமும் போய்ச் சேர்ந்தது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 சன்னலைச் சிறிதாக்கும் பொத்தானையே எடுத்துவிட்டது. அதே மாதம் உபுண்டு யூனிட்டி என்ற புதுத் திரைக்குத் தாவியது. 2017இல் அதையும் கைவிட்டு க்னோமுக்கே திரும்பியது. மனம் கசந்தவர்கள் மாட்டே என்றும் சின்னமன் என்றும் பிரிந்து போய், பழைய வழக்கத்தைக் காக்கப் புதிய திரைகளைக் கட்டினார்கள். 2011 என்ற ஆண்டைக் கவனியுங்கள். தமிழக மாணவர்கள் லட்சக்கணக்கில் லினக்ஸ் உள்ள மடிக்கணினியைப் பெறத் தொடங்கியதும் அதே 2011. அவர்கள் திரையில் இருந்தது ஒன்று. இணையத்தில் உதவி தேடினால் வந்த படங்கள் வேறு. பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்த உபுண்டு மூன்றாவது. சொல்லிக்கொடுக்க முன்வந்தவர்களுக்கே எதைச் சொல்வது என்று தெரியாத ஆண்டு அது.

மாற்றமே கூடாது என்றால் முன்னேற்றம் எப்படி என்று கேட்கலாம். விண்டோஸும் மாறவில்லையா? மாறியது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தபோது பெரிய நிறுவனங்களே முகம் சுளித்தன. அடுத்த ஆண்டே பொத்தான் திரும்ப வந்தது, 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பழைய மெனுவின் வடிவமும் ஓரளவு திரும்பியது. உலகின் மிக வலிமையான மென்பொருள் நிறுவனமே பயனர்களின் பழக்கத்துக்கு முன் இறங்கிவந்திருக்கிறது. அவர்களுக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது: பயனர் எரிச்சலடைந்தாலும் அவருக்குப் போக இடமில்லை. நம்மிடம் வந்தவருக்கு அப்படியில்லை; திரும்பிப் போகும் வழி அதே கணினியில், அடுத்த முறை திறக்கும்போதே, இரண்டாவது வரியில் காத்திருக்கிறது. உள்ளே எதை வேண்டுமானாலும் புதுப்பியுங்கள். மக்கள் கை வைக்கும் இடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு நகர்த்தாதீர்கள்.

இப்படிச் செய்தால் பலன் கிடைக்குமா? பக்கத்து மாநிலம் பதில் சொல்கிறது. கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், இன்றைய பெயரில் கைட், அரசுப் பள்ளிக் கணினிகளை இரண்டாயிரங்களின் பிற்பாதியிலேயே கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. உபுண்டுவை எடுத்துத் தங்கள் பாடத்திட்டத்துக்குத் தேவையானவற்றைச் சேர்த்து, தேவையற்றதை ஒதுக்கி, மலையாளத்தைச் சரிசெய்து, ஒரே வடிவமாக எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். பாடநூலில் உள்ள படமும் திரையில் உள்ள காட்சியும் ஒன்றாக இருந்தன. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. ஆசிரியர்களில் இருந்தே பயிற்றுநர்கள் உருவானார்கள். நம் நீதிமன்றங்களிலும் இதன் ஒரு சாயலைக் காணலாம்: இ-கோர்ட்ஸ் திட்டத்தில் உபுண்டுவும், வழக்கு விவரங்களுக்கான ஒரே மென்பொருளும், அதற்கான பயிற்சியும் கீழமை நீதிமன்றங்கள்வரை போயின. இரண்டு இடத்திலும் மக்கள் ‘லினக்ஸ் கற்றார்கள்’ என்று சொல்ல மாட்டேன். ஒரு தேர்வை எழுதக் கற்றார்கள், ஒரு வழக்கைப் பதியக் கற்றார்கள். காரியம் நடந்தது, அதனால் திரை பழகியது.

இதையே எடுத்துக்கொண்டு, அங்கே வென்றது பயிற்சியும் அரசாணையும்தான், வடிவமைப்புக்கு அதில் என்ன பங்கு என்று ஒருவர் கேட்டால் அது கனமான கேள்வி. ஆணைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆணை மட்டும் நீடிப்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் பதினைந்தாயிரம் கணினிகள் அளவுக்கு லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் காரணங்கள் இருந்தன என்பது உண்மை. வெளியிலிருந்து வரும் ஆவணங்களோடு ஒத்துப்போகாத அன்றாடச் சிக்கல்கள் அந்த அரசியலுக்குத் தீனி போட்டன என்பதும் உண்மை. பயிற்சியும் அப்படித்தான். ஓர் ஆசிரியர் பத்து நாள் கற்றுக்கொண்ட திரை இரண்டு ஆண்டில் வேறு உருவம் எடுத்தால் அந்தப் பயிற்சி வீண். பயிற்சி பலிக்கும்படி திரையை நிலையாக வைப்பதும், புத்தகத்தோடு திரையை ஒத்துப்போக வைப்பதும் வடிவமைப்பின் பகுதிகள்தாம். ஐகான்களின் நிறம் மட்டுமே வடிவமைப்பு என்று சுருக்கிப் பார்ப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

மெனுக்கள் தமிழில் வேண்டுமா என்பதையும் இந்த நோக்கில்தான் பார்க்க வேண்டும். வேண்டும், ஐயமில்லை. ஆனால் தமிழ் மெனு இருந்தும் பலர் ஆங்கிலத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உதவி செய்பவர் போனில் “ஃபைல் போய் பிரிண்ட் கொடுங்க” என்றுதான் சொல்கிறார். அந்த உதவியாளரும் திரையின் ஒரு பகுதி. தமிழ்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பழகிய பெயரையும் காட்டினால் இருவரும் ஒரே திரையைப் பற்றிப் பேச முடியும். தமிழாக்கத்துக்கு உழைத்தவர்களின் உழைப்பு அப்போது நிஜமாகவே பயன்பாட்டுக்கு வரும்.

கைபேசி வந்த பிறகு மேசைக் கணினியைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்பாரும் உண்டு. கைபேசி எனக்குச் சாதகமான சாட்சி. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கரு. பூ விற்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் அதை இயக்குகிறார்கள். லினக்ஸ் சாதாரண மக்களுக்குக் கடினம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. கடினம் கருவில் இல்லை, அதன் மேல் நாம் கட்டிய வீட்டில் இருக்கிறது. ஆனால் மேசைக் கணினியில் லினக்ஸின் பங்கு ஸ்டாட்கவுன்டர் கணக்கின்படி உலக அளவில் 2024இல்தான் 4 விழுக்காட்டைத் தொட்டது. மேசைக் கணினி மறைந்துவிடவும் இல்லை. பட்டா மனுவும் பத்திர நகலும் கல்லூரி ப்ராஜெக்ட்டும் கடைக் கணக்கும் இன்னும் பெரிய திரையில்தான் தயாராகின்றன. கைபேசி இல்லாத வீடு அரிது, கணினி உள்ள வீடோ குறைவு. அதனால்தான் ஆன்லைன் சென்டர்களில் கூட்டம் குறையவில்லை.

டேலி வேண்டிய கடைக்காரரையும், டிஜிட்டல் கையொப்பம் போடும் ஆடிட்டரையும் இன்றே மாற்ற முடியாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களை முதலில் இழுக்கப் போய்த் தோற்பதைவிட, இன்றே முழுமையாக உதவக்கூடியவர்களை முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது. மனு எழுதுபவர், பள்ளி மாணவர், ஓய்வுபெற்றவர், தமிழில் நாள் முழுதும் தட்டச்சு செய்பவர். இவர்களுக்கான நேரமும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் சில்லுகள் இல்லாத, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கணினிகள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஏராளம். ரிச்சி தெருவில் பழைய கணினி விற்பவருக்கு அவற்றில் எதை ஏற்றிக் கொடுப்பது என்ற கேள்வி தினமும் வரும்.

தன்னார்வலர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை, இலவசமாகக் கொடுப்பவரிடம் குறை சொல்லலாமா என்பது கடைசி எதிர்ப்பு. தன்னார்வலர்களைப் பொறுத்தவரை இது நியாயம். அவர்களிடம் வேண்டலாம், கட்டளையிட முடியாது. ஆனால் பாஸ் மக்கள் பணத்தில் உருவாவது. அதனிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்பது பெரிய செலவும் இல்லை. அடுத்த பதிப்பை வெளியிடும் முன், தமிழ்த் தட்டச்சில் முதுநிலை முடித்தவர்கள் சிலரையும், தட்டச்சே தெரியாமல் கைபேசியில் மட்டும் எழுதுபவர்கள் சிலரையும், அறுபது வயதைத் தாண்டியவர்கள் சிலரையும் அழைத்து உட்கார வையுங்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இன்னும் நடக்கும் தட்டச்சுப் பயிலகங்கள் இதற்கு நல்ல இடம். மாநகராட்சிக்கு ஒரு பக்க மனு எழுதி, பிரிண்ட் எடுத்து, பென் டிரைவில் போட்டு, இன்னொரு கணினியில் திறந்து காட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான். நிரல் எழுதியவர் பின்னால் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. கை எங்கே நின்றது, எந்தச் சொல்லைப் படித்துவிட்டு முகம் சுருங்கியது, எங்கே பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று மட்டும் குறிக்க வேண்டும். நிரல் எழுதத் தெரியாத நம்மில் பலரும் இந்தக் குறிப்பெடுக்கும் வேலையைச் செய்யலாம். லினக்ஸ் பயனர் குழுவும், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பும் கணியம் போன்ற அமைப்புகளும் இதற்கு ஆள் தர முடியும். அந்தக் குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். அதற்கடுத்த பதிப்பு வரும்போது, புதிதாக என்னென்ன சேர்ந்தது என்ற வழக்கமான பட்டியலுக்கு மேலே, முந்தைய குறிப்பில் இருந்த தடைகளில் எவை நீங்கின, எவை இன்னும் இருக்கின்றன என்ற பட்டியலை முதலில் அச்சிட்டுத் தர வேண்டும்.